மேலே ரோடு, கீழே வீடு: மலைக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒரு படிக்கட்டு வழிகாட்டி

சமவெளியில் குடித்துவிட்டு வருகிறவர் வீட்டுக்கு ஏறிப் போவார். எங்கள் ஊரில் இறங்கிப் போவார். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், இனி நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, அந்தப் பக்கம் கொடைக்கானல் என்று எங்கே போனாலும் ரோடு மேலே ஓடும், பாதி வீடுகள் அதற்குக் கீழே சரிவில் அடுக்கடுக்காக இறங்கும். நீலகிரியில் கட்டிட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் யாரும் கோபுரம்போல எழுப்புவதில்லை. லிஃப்ட் என்ற பேச்சே பெரும்பாலும் வராது. நான்கு போர்ஷன், ஆறு போர்ஷன் என்று சரிவை ஒட்டிக் கட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு படிக்கட்டை வெளியில் விட்டுவிடுவார்கள். மழை, மூடுபனி எல்லாம் அதன்மேல்தான். ஏறும்போது தடுக்கினால் எதிரே அடுத்த படி இருக்கிறது, கையை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது தடுக்கினால் எதிரே காற்றுதான்.

நான் குன்னூரில் இப்படி ஒரு குடியிருப்பில் 17 வருடமாக இருக்கிறேன். எங்கள் படிக்கட்டில் 43 படிகள். அதில் விழுந்து ஒருவர் இறந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு பார்க்கப் போகும்போது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். பள்ளத்தாக்கு தெரிகிறதா, தேயிலைத் தோட்டம் தெரிகிறதா என்று பார்த்து, அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார்கள். ஜன்னல் எங்கும் போய்விடாது. முதலில் படியைப் பாருங்கள். பகலில் ஒருமுறை, இருட்டியபிறகு ஒருமுறை. மழை தூறினால் இன்னும் நல்லது.

கையில் ஓர் இன்ச் டேப் இருக்கட்டும். வீட்டுப் படிக்கட்டுக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லும் கணக்கு, படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது. மேஸ்திரி பாஷையில் ஏழரைக்குப் பத்து. மலையில் இடம் இல்லை என்று சொல்லி ஒன்பது அங்குல உயரத்துக்கு எட்டு அங்குல அகலம் வைத்துக் கட்டியவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதில் இறங்கும்போது பாதம் முழுதும் படியில் நிற்காது, விரல்கள் வெளியே தொங்கும்.

அதைவிட மோசம், ஒரே படிக்கட்டில் ஒரு படி மட்டும் அளவு மாறியிருப்பது. நாலைந்து படி இறங்கியதும் கால் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண் பார்ப்பதில்லை, கால்தான் பார்க்கிறது. நடுவில் ஒரு படி முக்கால் அங்குலம் கூடினால் தாளம் தப்பும். மேலே ரோட்டை உயர்த்தித் தார் போட்ட இடங்களில் முதல் படியும், கீழே முற்றத்துக்குப் புதிதாக சிமென்ட் போட்ட இடங்களில் கடைசிப் படியும் இப்படித்தான் அளவு மாறியிருக்கும். குடிக்காதவரே தடுமாறுகிற இடங்கள் இவை.

கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பிடித்து உலுக்கிப் பாருங்கள். துரு ஏறிய பைப் பார்வைக்கு நிற்கும், ஆள் சாய்ந்தால் ஆளோடு போகும். இல்லாத கைப்பிடியைவிட ஆபத்தானது நம்பவைத்துக் கைவிடும் கைப்பிடி. படியின் பக்கவாட்டில் தடுப்புச் சுவர் முடிகிற இடத்தில் எவ்வளவு பள்ளம் என்று எட்டிப் பாருங்கள். கதவைத் திறந்தால் நிற்க இடம் இருக்கிறதா, நேராகப் படியில்தான் கால் விழுகிறதா என்பதையும் பாருங்கள். படி முடிகிற இடத்தில் மூடாத சாக்கடை இருந்தால், அதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். போடும்வரை அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வாடகை ஒப்பந்தம் எழுதும்போது படிக்கட்டு விளக்கு யார் செலவு, கைப்பிடி ரிப்பேர் யார் பொறுப்பு என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். பல பேர் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள்.

குடிவந்த முதல் வாரம்

படிகளை எண்ணி மனப்பாடம் செய்யுங்கள். சிரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போவது எங்களுக்குச் சகஜம். மூடுபனி இறங்கினால் டார்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் அடித்த மாதிரி திரும்பிவரும். அப்போது 43 என்ற எண் கண்ணைவிட நன்றாக வழி காட்டும்.

பிறகு பாசி. தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால், வடகிழக்கு அக்டோபரில் பிடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அந்த இரண்டாவது மழைதான் கொட்டித் தீர்க்கும். வெயில் படாத படிகளில் கரும்பச்சையாக ஒரு தோல் படரும். காய்ந்திருக்கும்போது தெரியாது, நனைந்தால் சோப்பு. மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பாத்ரூமுக்கு வாங்கிவைத்த ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். கேட்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது விஷவாயு.

கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், பக்கத்தில் இருந்தால் அதன் காய்கள் படியில் உதிரும். சின்ன மணிபோல இருக்கும். செருப்புக்கு அடியில் மாட்டினால் உருளும். தினமும் கூட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை. ஊட்டியில் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் மாலைக்குமேல் படியில் தண்ணீர் கொட்டக்கூடாது. விடிகாலையில் உறைபனி அதன்மேல் கண்ணாடியாக நிற்கும்.

வழுக்காமல் இருக்க ஆன்டி-ஸ்கிட் டேப் ஒட்டலாம் என்று கடையில் சொல்வார்கள். உள்படிக்கு நல்லது. வெளிப்படியில் எங்கள் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. பாதி உரிந்து நிற்கும் டேப்பே காலைத் தடுக்கும். படி முனையில் சிமென்ட் பூசும்போது குறுக்கே கோடு கீறிவிடுவதுதான் நிற்கும். அந்த முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். காஸ் சிலிண்டரை உருட்டி இறக்குவதால்தான் எங்கள் ஊரில் படி முனைகள் உடைகின்றன. தோளில் தூக்கி இறக்கச் சொல்லி, தம்பிக்கு ஒரு இருபது ரூபாய் கூடக் கொடுங்கள்.

விளக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்க டூ-வே சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். இறங்குகிறவர் கண்ணில் அடிக்கிற விளக்கு இருட்டைவிடக் கெடுதல். முழங்கால் உயரத்தில் சுவரில் கூண்டு போட்டுப் பொருத்தினால் படி தெரியும். யார் வீட்டிலாவது இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஒரு படிக்கட்டு விளக்கைச் சேர்த்துவிடுங்கள். இரவில் காட்டெருமை முற்றம்வரை வரும் ஊர் இது. இருட்டில் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் வைப்பவர் எங்கே வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிரில் எல்லோரும் கையை ஜெர்கின் பாக்கெட்டில் விட்டுக்கொண்டோ சால்வைக்குள் கட்டிக்கொண்டோதான் இறங்குவார்கள். இரும்பு பைப் ஐஸ் மாதிரி இருக்கும், யார் தொடுவார்? எங்கள் படிக்கட்டில் ஒன்றரை இன்ச் பைப்பின்மேல் பழைய ஹோஸ் குழாயைக் கிழித்துச் சுற்றினோம். அழகாக இருக்காது. ஆனால் அதற்குப் பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தார்கள். மங்கி குல்லாவும் அப்படித்தான், பக்கப் பார்வையை மறைக்கும். படி இறங்கும்போது நெற்றிக்குமேல் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

குடித்த இரவு

குடிக்காதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏழிலிருந்து பத்து கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் முழுதும் இறங்க ஆறிலிருந்து எட்டரை மணி நேரம். பத்து மணிக்குக் கடை சாத்தும்போது அடித்தவர், பால்காரர் வரும்போதும் முழுத் தெளிவில் இருக்க மாட்டார். கட்டன் காபி, எலுமிச்சை, மோர், முகத்தில் தண்ணீர், எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. விழித்திருக்கும் குடிகாரரை உண்டாக்கலாம், அவ்வளவுதான்.

"குளிருக்கு ஒரு பெக்" என்பது இங்கே வேதவாக்கு. உண்மையில் மது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி உடம்பு சுடுவதுபோல ஓர் எண்ணத்தைக் கொடுக்கிறது. உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சமவெளியில் படியடியில் விழுந்து கிடப்பவருக்கு அடி மட்டும்தான் கவலை. இங்கே அடியோடு குளிரும் சேர்ந்து கொல்லும்.

போதையில் முதலில் போவது பேச்சல்ல, நிதானம். நன்றாகப் பேசுகிறார், கணக்குச் சொல்கிறார், ஆகவே நடந்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுமூளை தடுமாறினால் உடம்பு சாய்வதை உணரத் தாமதம், கையை ஊன்றத் தாமதம். தெளிவாக இருப்பவர் விழுந்தால் மணிக்கட்டு உடையும். போதையில் இருப்பவர் விழுந்தால் கை வராது, தலைதான் முதலில் போகும்.

இனி செய்ய வேண்டியது. போதையில் இருப்பவரைப் படியில் இறக்காதீர்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஒருவர் தோளில் கைபோட்டு இறக்கினால் இருவரும் விழுவார்கள். முதுகில் தூக்கினால் நிச்சயம் விழுவார்கள். ரோட்டு மட்டத்தில் ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் கார் ஷெட்டில் ஒரு பெஞ்சும் இரண்டு கம்பளியும் எப்போதும் கிடக்கும். அங்கே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், மல்லாத்தி வேண்டாம், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகும். யாராவது ஒருவர் அரை மணிக்கு ஒருமுறை தட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு ஜில்லிட்டிருக்கிறது என்றால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், 108.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், உட்காரவைத்து ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கச் சொல்லுங்கள். பேன்ட் நனையும். மானம் போகிறது என்பார். "அண்ணா, யாரும் பார்க்கலை, உட்கார்ந்தே வாங்க" என்று சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் நான் உட்பட நாலு பேர் அப்படி இறங்கியிருக்கிறோம்.

காலி பாட்டிலைப் படியோரம் வைக்காதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிறார்கள். யானைக் காலில் கண்ணாடி குத்துகிறது என்பதற்காக வந்த ஏற்பாடு. நம் படிக்கட்டுக்கும் உதவுகிறது.

விழுந்துவிட்டால்

சொல்கிறேன் என்றேனே, அவர் கீழ்ப் போர்ஷன்காரர். நவம்பர் மாதம், இரவு பத்தரை இருக்கும், கரண்ட் இல்லை. சத்தம் கேட்டு நாங்கள் இரண்டு பேர் ஓடினோம். அவரே எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் இல்லைங்க, வழுக்கிடுச்சு" என்று சிரித்தார். ரத்தம் இல்லை. பின்னந்தலையில் ஒரு வீக்கம். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தோம். "தூங்கட்டும், காலையில பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். பெரிதாகக் குறட்டை விட்டார்; நன்றாகத் தூங்குகிறார் என்று அவர் மனைவி, அந்த அக்கா, நிம்மதியாக இருந்திருக்கிறார். ஆறு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள்.

தலையில் அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டுப் பிறகு மோசமாவது டாக்டர்களுக்குப் பழகிய விஷயம். ரத்தம் உள்ளே மெல்லக் கசிந்து மூளையை அழுத்துகிறது. வருடக்கணக்காகக் குடிப்பவருக்கு மூளை கொஞ்சம் சுருங்கி, அதன்மேல் ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அறுந்துவிடும். ஈரல் கெட்டவருக்கு ரத்தம் உறைவதும் தாமதம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கும் இதே ஆபத்து. இந்தக் கசிவின் அடையாளங்களும் போதையின் அடையாளங்களும் ஒன்றுதான்: குழறல், தள்ளாட்டம், தூக்கம், வாந்தி. எது எதனால் என்று வீட்டில் நின்றுகொண்டு நாம் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே குடித்தவர் படியில் விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நின்று பாட்டுப் பாடினாலும் ஆஸ்பத்திரி.

அவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே கைகாலைச் செயலிழக்கச் செய்யும். கிடக்கிற இடத்திலேயே கம்பளி போர்த்துங்கள். வாந்தி எடுத்தால் தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். குடிக்கத் தண்ணீர், காபி எதுவும் வேண்டாம். மண்டைத் தோலில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் அடைக்காதீர்கள், வழியட்டும்.

108க்கு போன் செய்யும்போது வீட்டு நம்பர் சொல்லிப் பயனில்லை. வண்டி எந்த வளைவில் நிற்க முடியும் என்று சொல்லுங்கள். ஓர் ஆளை டார்ச்சோடு ரோட்டில் நிறுத்துங்கள். வண்டியில் வருவது பொதுவாக டிரைவரும் உதவியாளரும்தான். 43 படி ஸ்ட்ரெச்சரை ஏற்ற இன்னும் நாலு பேர் வேண்டும். எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் ஆள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவந்ததும் பக்கத்து வீடுகளுக்கு ஒரு நடை போய் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆஸ்பத்திரியில்

குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊட்டியில் 700 படுக்கைகளோடு புது வளாகம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். தலைக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டால் கோவைக்கு அனுப்புவதும் உண்டு; மலைப்பாதை இறங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அதனால்தான் காலைவரை காத்திருக்கக்கூடாது என்கிறேன்.

குடித்திருந்ததை மறைக்காதீர்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை படி உருண்டார், எவ்வளவு குடித்திருந்தார், நடுவில் மயங்கினாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். எம்.எல்.சி., அதாவது போலீஸுக்கும் தகவல் போகும் மெடிகோ-லீகல் கேஸ், என்று பதிவு செய்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அது நடைமுறை.

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்குத்தான், படியில் விழுந்ததற்கு அல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தனியார் விபத்துக் காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். போதையில் நேர்ந்த விபத்துக்குப் பணம் இல்லை என்ற வரி பலவற்றில் உண்டு.

உயிர் போய்விட்டால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று சொல்வார்கள். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 194ஆம் பிரிவு. விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. அவர்கள் பார்க்கும்வரை படியைக் கழுவக்கூடாது. பாசம் மிகுந்து எங்கள் ஆட்கள் கழுவிவிட்டார்கள். அப்புறம் அந்த அக்காதான் ஸ்டேஷனில் கூடுதலாக இரண்டு நாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குடியை நிறுத்த நினைப்பவருக்கு

14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு வரலாம். படியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

அசோசியேஷன்

சொந்தமாக பிளாட் வாங்கியவர்களுக்குப் படிக்கட்டு பொது இடம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பொது இடம் என்றால் யாருடைய பூந்தொட்டிக்கும், யாருடைய கம்பூட்ஸுக்கும் அங்கே இடமில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னால் சண்டை வரும். வரட்டும். மாதச் சந்தாவில் படிக்கட்டுக்கென்று ஒரு சின்னத் தொகையைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்கும் பணத்தில் கேட்டுக்கு சாமி படம் வாங்கிவிடுவார்கள்.

எங்கள் குடியிருப்பில் மே மாதக் கடைசி ஞாயிறு பாசி தேய்க்கும் நாள். காலை எட்டு மணிக்கு, ரோட்டை ஒட்டிய முதல் படியிலிருந்து ஆரம்பிப்போம். கம்பி பிரஷ் ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும், கம்பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். டீயும் வர்க்கியும் கீழ்ப் போர்ஷன் அக்கா கொடுத்துவிடுவார்.